‘பழம்’ வரை வந்த பேனா

ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி எழுதிக்கொண்டிருந்த யாக்கோப் கிரிம் 1863 செப்டம்பரில் பெர்லினில் இறந்தபோது அவர் கடைசியாகக் கைவைத்திருந்த சொல் ‘ஃப்ருக்ட்’. பழம், விளைச்சல், பலன் எல்லாம் அந்த ஒரே ஜெர்மன் சொல்லில் அடக்கம். எழுத்து வரிசையில் அது ‘எஃப்’. அண்ணனும் தம்பியுமாக அகராதி வேலையை ஒப்புக்கொண்டு அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பி வில்ஹெல்ம் ‘டி’ எழுத்தை முடித்த கையோடு 1859-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்ச எழுத்துகளை யார் யாரோ எழுதி முடிக்க 1961 ஆயிற்று. பேரன் காலம், கொள்ளுப்பேரன் காலம் எல்லாம் தாண்டி, பெர்லின் நகரத்தின் குறுக்கே சுவர் எழும்புவதற்குச் சில மாதங்கள் முன்புதான் கடைசிப் பகுதி அச்சாகி வந்தது.

பெரிய அகராதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இத்தனை லட்சம் சொல், இத்தனை தொகுதி என்று கணக்கைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். எனக்கு அதைவிட இன்னொரு கேள்விதான் சுவாரசியம்: பத்து வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னவர்கள் ஏன் முடிக்கவில்லை? அதற்கு விடை தேடிப் போனால், ஜெர்மன்காரர்களும் ஆங்கிலேயர்களும் அகராதி என்ற ஒன்றிடம் என்ன எதிர்பார்த்தார்கள், இரண்டு எதிர்பார்ப்பும் எங்கே பிரிந்தன என்பது தெரியவருகிறது.

கதை ஓர் அரசியல் சண்டையில் தொடங்குகிறது. 1837-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரியணை ஏறினார். அதுவரை பிரிட்டனுக்கும் ஜெர்மன் நாடான ஹனோவருக்கும் ஒரே மன்னர். ஹனோவர் சட்டப்படி அங்கே பெண் அரியணை ஏற முடியாது. ஆகவே விக்டோரியாவின் சித்தப்பா ஏர்ன்ஸ்ட் அவுகுஸ்ட் அங்கே மன்னரானார். வந்ததும் நாட்டின் அரசியல் சாசனத்தை ரத்து செய்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஏழு பேர் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை போயிற்று. அவர்களில் இருவர் கிரிம் சகோதரர்கள். யாக்கோபுக்கு மூன்று நாளுக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு.

குழந்தைகளுக்கான கதைத் தொகுப்பால் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த இருவரும் சம்பளமில்லாமல் நின்றபோது, லைப்சிக் நகரப் பதிப்பாளர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள்: சமயச் சீர்திருத்தவாதி லூத்தர் காலம் தொட்டு கவிஞர் கோத்தே காலம் வரையிலான ஜெர்மன் சொற்களுக்கு ஓர் அகராதி செய்து தாருங்கள். 1838-இல் ஒப்புக்கொண்டார்கள். ஆறேழு தொகுதி, பத்து ஆண்டு என்பது போட்ட கணக்கு. விக்டோரியா ஆணாகப் பிறந்திருந்தால் ஹனோவர் பிரிந்திருக்காது, பேராசிரியர்கள் வேலையிழந்திருக்க மாட்டார்கள், ஜெர்மானியப் பேரகராதி வேறொருவர் கையில் வேறு மாதிரி வந்திருக்கும் என்று கற்பனை செய்துபார்ப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

ஜெர்மனில் அதற்கு முன்பே அகராதிகள் இருந்தன. 1774-இலிருந்து யோஹான் கிறிஸ்டோஃப் அடேலுங் வெளியிட்ட அகராதியைத்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மேசையில் வைத்திருந்தார்கள். எது நல்ல ஜெர்மன், எது கொச்சை என்று தீர்ப்புச் சொல்லும் அகராதி அது. கிரிம் சகோதரர்களுக்கு அந்தத் தீர்ப்பில் ஆர்வமில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தக் கையில் வளர்ந்தது, எப்போது பொருள் மாறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் கணிக்க நினைத்தார்கள். கணிப்பதற்கு ஆதாரம் வேண்டும். அதாவது நூல்களிலிருந்து மேற்கோள். எண்பது, நூறு பேர் பழைய புத்தகங்களைப் படித்து, வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுக் குவியலைப் பற்றி யாக்கோப் முன்னுரையில் எழுதியிருக்கிறார்: நாள்கணக்கில் மெல்லிய பனித்துகள் அடர்த்தியாக விழுந்துகொண்டே இருந்து ஊரையே மூடுவதுபோல், மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சொற்கள் வந்து விழுந்து தன்னை மூடுகின்றன என்கிறார்.

அதே முன்னுரையில் அவர் கண்ட ஒரு கனவும் இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் அப்பா அகராதியைத் திறந்து நாலு சொல்லை எடுத்துப் பையன்களோடு பேசுவாராம். அம்மாவும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பாராம். இப்படி எழுதிய மனுஷர்தான் சொற்களுக்குப் பொருளை லத்தீனில் கொடுத்தார். மேசை என்றால் என்ன என்று நாலு வரியில் விளக்குவதைவிட லத்தீன் சொல்லைப் போட்டுவிடுவது சுலபம் என்பது அவர் வாதம். எந்த அம்மா கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. ஆனால் ஆபாசச் சொற்களை விட்டுவிடச் சொன்னவர்களுக்கு அவர் சொன்ன பதில் மட்டும் இன்றைக்கும் செல்லும்: அகராதி ஒழுக்க நூல் இல்லை.

முதல் பகுதி 1852-இல் வந்தது, முதல் தொகுதி 1854-இல். யாக்கோப் ஏ, பி, சி, ஈ எழுத்துகளை முடித்து எஃபில் நின்றார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு வாய்த்த சோதனை ‘ஜி’. ஜெர்மன் மொழியின் குணம் அது: ‘கெ’ என்ற முன்னொட்டைச் சேர்த்து எச்சங்களும் தொகுப்புப் பெயர்களும் வந்துகொண்டே இருக்கும். எழுதுகிறவரும் கொஞ்சம் விரிவாக எழுதுகிற ஆளாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. ருடோல்ஃப் ஹில்டெபிராண்ட் அப்படிப்பட்டவர். ‘கைஸ்ட்’ என்ற சொல்லுக்கு ஆவி, மனம், அறிவு, பேய் என்று பல பொருள். அதற்கு அவர் எழுதியது நூறு பத்திக்கு மேல் (பத்தி என்றால் இங்கே அச்சுப் பக்கத்தின் நெடுவரிசை). அகராதிக் குறிப்பு என்றால் நம்ப மாட்டார்கள், தனிப் புத்தகமாகவே போட்டுவிடலாம். ஜி எழுத்து முழுமையாக முடிந்தது 1950-களின் இறுதியில்தான்.

1908-இல் பிரஷ்ய அறிவியல் கழகம் பொறுப்பேற்றது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. நாடு இரண்டாகப் பிளந்த பிறகும் கிழக்கு பெர்லினில் ஒரு குழுவும் மேற்கில் கோட்டிங்கனில் ஒரு குழுவும் ஒரே அகராதிக்குச் சேர்ந்து எழுதின. ராணுவங்கள் எதிரெதிரே நின்ற காலத்தில் இரு பக்கத்துச் சொல்லறிஞர்கள் அச்சுப்படிகளைப் பரிமாறிக்கொண்டார்கள். முடிவில் 16 தொகுதி. அவை பிரிந்து 32 புத்தகங்கள். சுமார் 3,20,000 தலைச்சொற்கள், 67,744 பத்திகள். 1971-இல் மூலநூல் பட்டியல் 33-ஆவது புத்தகமாகச் சேர்ந்தது. மொத்த எடை 84 கிலோ என்பார்கள். ஐரோப்பிய நாணயம் வருவதற்கு முன் புழங்கிய ஆயிரம் மார்க் நோட்டில் சகோதரர்கள் இருவர் முகமும் இருந்தது. பின்பக்கத்தில் அவர்களின் அகராதி. ஒரு நாடு தன் மிகப் பெரிய பணத்தாளில் அகராதியைப் போட்டது அபூர்வம்தான்.

இந்த எண்ணம் கடல் தாண்டிய விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சொல்லும் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும் என்ற கொள்கையை முதலில் தெளிவாக வகுத்தவர் ஃபிரான்ஸ் பாஸோ என்ற ஜெர்மன் அறிஞர். கிரேக்க மொழி அகராதி ஒன்றுக்காக அவர் அதைச் செய்தார். அந்த அகராதியைப் பின்பற்றித்தான் ஆக்ஸ்ஃபோர்டில் 1843-இல் லிடெல், ஸ்காட் இருவரும் கிரேக்க–ஆங்கில அகராதி போட்டார்கள். 1859-இல் லண்டன் மொழியியல் சங்கம் ஆங்கிலத்துக்குப் புதிய அகராதி வேண்டுமென்று அறிக்கை விட்டபோது பாஸோவின் கொள்கையையே எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் பெருமை என்று இன்று பேசப்படும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் விதை ஜெர்மானிய விதை.

ஆனால் மண் வேறு. ஆங்கிலத்தில் அதற்கு நூறாண்டு முன்பே சாமுவேல் ஜான்சன் மேற்கோள் காட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்திருந்தார். 1746-இல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து அவருக்கு 1,500 கினி தருவதாகப் பேசினார்கள். மூன்று ஆண்டில் முடித்துவிடுவேன் என்றார். பிரெஞ்சுக் கழகத்தில் நாற்பது பேர் நாற்பது ஆண்டு செய்த வேலை ஆயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, ஒரு பிரெஞ்சுக்காரருக்கு ஓர் ஆங்கிலேயர் எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு என்று பதில் சொன்னாராம். மூன்று ஆண்டு ஒன்பது ஆயிற்று. 1755-இல் 42,773 சொற்களோடு வந்தது. ஓட்ஸ் என்பதற்கு, இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைகளுக்குக் கொடுப்பது, ஸ்காட்லாந்தில் மனிதர்களைத் தாங்குவது என்று பொருள் எழுதிய குறும்பு எல்லோருக்கும் தெரியும். அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த ஆறு உதவியாளர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியின் பெயரை முழங்கால் என்று தவறாக எழுதியதை ஓர் அம்மையார் கேட்டபோது, அறியாமை அம்மா, சுத்த அறியாமை என்று ஒப்புக்கொண்டார்.

வேலையை ஆரம்பிக்கும்போது மொழியைக் கட்டிவைத்துவிடலாம் என்று நம்பிய ஜான்சன், முடிக்கும்போது அது காற்றைச் சாட்டையால் அடிப்பது போன்ற வேலை என்று எழுதினார். இங்கிலாந்தில் மொழிக்கு ஒரு கழகம் வேண்டுமென்று 1712-இலேயே ஜோனதன் ஸ்விஃப்ட் கேட்டிருந்தார், அமையவில்லை. கடைசிவரை அமையவேயில்லை. தீர்ப்புச் சொல்ல ஆளில்லாத மொழி அது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் தொடக்க ஆண்டுகள் கிரிம் கதையைவிடக் குழப்பமானவை. முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன், முப்பது வயதில் இறந்தார். அடுத்த ஆசிரியர் ஃபர்னிவலுக்கு உற்சாகம் மட்டும் நிறைய. சீட்டுகள் ஊர் ஊராகச் சிதறின. ‘பிஏ’ என்று தொடங்கும் சொற்களின் கட்டு அயர்லாந்தில் ஒரு தொழுவத்தில் கிடைத்தது; பாதிக்கு மேல் அடுப்பு பற்றவைக்கப் போயிருந்தது.

1879-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே ஒரு தையல்காரரின் மகன், பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர், பிறகு தானே படித்துப் பள்ளி ஆசிரியரானவர். ஸ்காட்லாந்துக்காரர், ஜான்சன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பல்கலைக்கழக அச்சகத்தோடு போட்ட ஒப்பந்தம்: பத்து ஆண்டு, நான்கு தொகுதி, 7,000 பக்கம். தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டார். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட புறாக்கூண்டு அறைகள்; அவற்றில் டன் கணக்கில் வந்திறங்கிய சீட்டுகள். அவருடைய பதினொரு குழந்தைகளும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டு அடுக்கிக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1884-இல் வந்த முதல் பகுதி ‘எறும்பு’ என்ற சொல்லோடு முடிந்தது. ஆங்கிலத்தில் எறும்பு முதல் எழுத்திலேயே வந்துவிடும்.

சாதாரண வாசகர்களைக் கூப்பிட்டு மேற்கோள் எழுதி அனுப்பச் சொன்னதுதான் மரேயின் பலம். பிரிட்டன், அமெரிக்கா, குடியேற்ற நாடுகள் எங்கிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் வாங்காமல் எழுதினார்கள். கொலை செய்துவிட்டு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் மைனர் தன் அறையிலிருந்தபடி இருபது ஆண்டு சீட்டு அனுப்பினார். அவர் நோயாளி என்பது நேரில் போய்ப் பார்த்தபோதுதான் மரேவுக்குத் தெரிந்தது என்பது அழகான கதை. நடந்தது அதுவல்ல, முன்பே தெரியும். சமஸ்கிருதம் உள்பட இந்திய மொழிகளில் ஊறிய ஃபிட்ஸெட்வர்ட் ஹால் என்ற அமெரிக்கரும் தினமும் பல மணி நேரம் இதற்கென்றே உழைத்தார்.

தமிழுக்கும் இந்தக் கொட்டகைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல், ஹென்றி யூலோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்கு ஒரு சொற்கோவை தயாரித்தார். ஹாப்சன்–ஜாப்சன் என்ற விளையாட்டுப் பெயரில் 1886-இல் அது வந்தது. பர்னெல் அதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துவிட்டார். மரே அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு எல்லாம் ஆங்கில உருவத்தில் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருக்கின்றன, தங்கள் தமிழ்ப் பிறப்பிடத்தை ஒப்புக்கொண்டபடியே. ஜெர்மனியிலிருந்து வந்த ஃபப்ரிசியஸ் பாதிரியார் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி அச்சிட்ட 1779-ஐ நினைத்தால், சொற்சீட்டு சேர்க்கும் இந்த வியாதி எங்கள் ஊருக்கும் முன்பே தொற்றிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் மரே சறுக்கிய இடமும் உண்டு. குடல்வால் அழற்சிக்கான ஆங்கிலச் சொல் அப்போதுதான் மருத்துவர்களிடையே பிறந்திருந்தது. அதை வைக்கலாமா என்று கேட்டதற்கு, வெறும் மருத்துவக் குழூஉக்குறி, விட்டுவிடுங்கள் என்று ஆலோசனை வந்தது. விட்டார். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அந்த நோயாலேயே தள்ளிப்போனது. நாடெங்கும் அந்தச் சொல்தான் பேச்சு. நாட்டின் பேரகராதியில் மட்டும் இல்லை. ‘அடிமைப்பெண்’ என்ற பொருள் தரும் சொல்லின் சீட்டு எங்கோ தவறிப்போய், புத்தகத்தில் இடம்பெறாமலே போய்விட்டது. 1933 துணைத் தொகுதியில்தான் சேர்த்தார்கள்.

மரே 1915-இல் ‘டர்ன்’ போன்ற சொற்கள் வரும் எழுத்தில் இருந்தபோது இறந்தார். முடிந்தது 1928-இல். 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கு மேல் மேற்கோள், 15,000-க்கு மேல் பக்கம். போருக்குப் பிறகு ஊர் திரும்பிய இளைஞர் டோல்கீன் கொஞ்ச காலம் அங்கே ‘டபிள்யூ’ எழுத்துச் சொற்களுக்கு மூலம் தேடிக்கொண்டிருந்தார். பின்னாளில் தானே மொழிகளைப் படைத்தவருக்குப் பொருத்தமான வேலைதான்.

இதுவரை இரண்டும் ஒரே பாதை. பிரிவது இங்கேதான். கிரிம் அகராதியை வாங்கிய ஜெர்மன் பள்ளி ஆசிரியருக்கு ஒரு கஷ்டம்: அதைப் பார்த்து எழுத்துக்கூட்டல் சொல்லித்தர முடியாது. ஜெர்மனில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது மரபு. யாக்கோபுக்கு அது பிடிக்காது. அகராதி முழுவதும் சின்ன எழுத்து. மரபான கோதிக் எழுத்துருவையும் அவர் ஒதுக்கிவிட்டார். தேசத்தின் பேரகராதி, தேசத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லாத முறையில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1871-இல் ஜெர்மனி ஒரே நாடானபோது ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் எழுத்துக்கூட்டல் வேறு. சில இடங்களில் ஒரே பள்ளியில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் கோன்ராட் டூடன், ஹெர்ஸ்ஃபெல்ட் ஊரின் பள்ளித் தலைமையாசிரியர். 1880-இல் அவர் வெளியிட்ட அகராதியில் மேற்கோள் இல்லை, வரலாறு இல்லை. சுமார் 27,000 சொற்கள், எப்படி எழுதுவது என்ற விவரம், அவ்வளவுதான். விலை ஒரு மார்க். கிரிம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட இடத்தில் இது ஓர் ஆளின் மாலை நேர உழைப்பு. அன்றைய ஆட்சித்தலைவர் பிஸ்மார்க்குக்குப் புதிய எழுத்துமுறையே எரிச்சல். அரசு ஊழியர்கள் பயன்படுத்தினால் தண்டனை என்று உத்தரவிட்டார். பள்ளிக்கூடம் அவரைத் தோற்கடித்தது. 1901 பெர்லின் மாநாடு நாடு முழுமைக்கும் ஒரே முறையை ஏற்றது. பள்ளத்தாக்கு, கதவு போன்ற சொற்களில் தொங்கிக்கொண்டிருந்த தேவையற்ற ‘ஹெச்’ எழுத்தை வெட்டிவிட்டார்கள். சிம்மாசனம் என்ற சொல்லில் மட்டும் வெட்டவில்லை.

அன்றிலிருந்து ‘டூடனில் என்ன போட்டிருக்கிறது?’ என்பது ஜெர்மன் வீட்டுச் சண்டைகளின் கடைசிக் கேள்வி. அரசியலும் அதில் ஏறி இறங்கியது. 1934 பதிப்பில் நாஜி ஆட்சியின் சொற்கள் குவிந்தன. போருக்குப் பிறகு வந்த பதிப்பில் அவற்றைக் களைந்தார்கள். நாடு பிரிந்தபோது டூடனும் பிரிந்தது: லைப்சிக்கில் ஒன்று, மன்ஹைமில் ஒன்று. 1955-இல் மேற்கு ஜெர்மன் கல்வி அமைச்சர்கள், சந்தேகம் வந்தால் டூடன் சொல்வதே சரி என்று முடிவெடுத்து, ஒரு தனியார் பதிப்பகத்தின் புத்தகத்துக்குக் கிட்டத்தட்டச் சட்டத்தின் எடையைக் கொடுத்தார்கள். 1991-இல் ஒன்றுபட்ட பதிப்பு வந்தது. 1996-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்த ஏகபோகத்தை எடுத்தது. சீர்திருத்தமும் சும்மா போகவில்லை. மூன்று எஃப் எழுத்து வரிசையாக வரும் ‘கப்பல் போக்குவரத்து’ என்ற சொல்லைப் பார்த்து எழுத்தாளர்கள் கொதித்தார்கள், முக்கியமான நாளிதழ் ஒன்று பல ஆண்டு பழைய முறைக்கே திரும்பிவிட்டது. 2006-இல் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகுதான் ஊர் அடங்கியது. முதல் பதிப்பின் 27,000 சொல் 2024 பதிப்பில் 1,51,000 ஆகியிருக்கிறது.

ஆங்கிலத்தில் டூடனுக்கு நேரான ஒன்று கிடையாது. மிக அருகில் வந்தவர் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர். சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் தனி எழுத்துக்கூட்டல் வேண்டும் என்று நினைத்தவர். நிறம், கௌரவம் போன்ற சொற்களின் ஆங்கில வடிவில் ‘யூ’ எழுத்தை எடுத்தவர். 1828-இல், எழுபது வயதில், 70,000 சொற்களோடு தன் பேரகராதியை வெளியிட்டார். மெரியம் சகோதரர்கள் உரிமையை வாங்கி அதை அமெரிக்க வீடுகளின் நீதிமன்றமாக்கினார்கள். அந்த நீதிமன்றமே 1961-இல் தீர்ப்பு எழுத மறுத்தபோதுதான் ரகளை. வெப்ஸ்டர் மூன்றாம் பதிப்பின் ஆசிரியர் ஃபிலிப் கோவ், மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதைப் பதிவது மட்டுமே தன் வேலை என்றார். ‘எய்ன்ட்’ போன்ற கொச்சைச் சொல்லை போதுமான கண்டிப்பில்லாமல் சேர்த்துவிட்டார் என்று பத்திரிகைகள் பாய்ந்தன. அந்தக் கோபத்திலிருந்தே 1969-இல் இன்னோர் அகராதி பிறந்தது. எது நல்ல வழக்கு என்று சொல்ல நூறு பேர் கொண்ட குழுவை அது அமர்த்தியது. வரலாறு எழுதினால் போதாது, சரி தப்பு சொல் என்று கேட்கும் கூட்டம் ஆங்கிலத்திலும் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு ஓர் அரசாங்க முத்திரை கிடைக்கவில்லை, அவ்வளவே.

அதே வெப்ஸ்டரின் 1934 பதிப்பில் ‘டார்ட்’ என்றொரு சொல் இருந்தது, பொருள், அடர்த்தி. அப்படியொரு சொல் உலகில் இல்லை. ‘டி ஆர் டி’, அதாவது ‘பெரிய டி அல்லது சின்ன டி: அடர்த்தி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கக்குறிச் சீட்டு தவறான கட்டில் விழுந்து, எழுத்துகள் ஒட்டிக்கொண்டு சொல்லாகிவிட்டன. ஐந்து ஆண்டு யாரும் கவனிக்கவில்லை.

கலைக்களஞ்சியங்கள் வேறு குடும்பம். சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்மானியரின் பிடிவாதம் அங்கேயும் தெரிகிறது. ட்செட்லர் என்ற பதிப்பாளர் 1732-இல் தொடங்கியது 64 தொகுதியும் அதன் மேல் நான்கும். க்ரூனிட்ஸ் என்ற மருத்துவர் 1773-இல் தொடங்கிய பொருளியல் களஞ்சியம் அவருக்குப் பின்னும் ஓடி 242 தொகுதியில் நின்றது. ‘பிணம்’ என்ற கட்டுரையை எழுதும்போது அவர் இறந்தார் என்பது நெடுங்காலமாக வழங்கும் கதை. எர்ஷும் க்ரூபரும் தொடங்கிய களஞ்சியம் 167 தொகுதி வந்தும் முடியவேயில்லை. அதில் கிரேக்கம் என்ற ஒரு தலைப்புக்கே எட்டுத் தொகுதி.

இவற்றுக்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ஃப்ரீட்ரிஷ் ஆர்னால்ட் பிராக்ஹவுஸ். முடியாமல் கிடந்த ஒரு சின்னக் களஞ்சியத்தின் உரிமையை 1808-இல் லைப்சிக் புத்தகச் சந்தையில் 1,800 தாலர் கொடுத்து வாங்கினார். அதன் பெயரிலேயே ‘உரையாடல்’ என்ற சொல் இருந்தது. நாலு பேர் கூடுமிடத்தில் பேச்சில் பின்தங்காமலிருக்க வேண்டியதைச் சுருக்கமாகத் தரும் புத்தகம் அது. படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை விரும்பிய நடுத்தர வர்க்கம் அள்ளிக்கொண்டு போனது. பிரிட்டானிக்கா இன்னொரு வகை. 1768-இல் எடின்பரோவில் ஓர் அச்சுக்காரரும் ஒரு செதுக்குக்காரரும் தொடங்க, இருபத்தெட்டு வயது வில்லியம் ஸ்மெல்லி தொகுத்தார். முதல் பதிப்பில் குதிரை வைத்தியத்துக்குப் பக்கம் பக்கமாக இடம். பெண் என்ற தலைப்பில் ‘ஆணின் பெண்பால்’ என்று ஒரே வரி. ஆனால் பெரிய துறைகளுக்கு நீண்ட ஆய்வுரைகளைத் தந்தது. பிராக்ஹவுஸில் தேடிப் பார்ப்பார்கள், பிரிட்டானிக்காவை உட்கார்ந்து படிப்பார்கள். 1910–11-இல் வந்த 29 தொகுதி கொண்ட பதினோராம் பதிப்பை இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறவர்கள் உண்டு. தகவலுக்காக அல்ல, நடைக்காக.

ஜெர்மானியருக்கு நகைச்சுவை வராது என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்கே மருத்துவர்கள் வேதம்போல் நம்பும் ஷிரெம்பெல் என்ற மருத்துவ அகராதியில், நகைச்சுவைக் கலைஞர் லோரியோ கற்பனையாக உருவாக்கிய கல் தின்னும் பேன் 1983-இல் முறையான கட்டுரையாக இடம்பெற்றது. அடுத்து ஒரு பதிப்பில் பொறுப்பாக நீக்கினார்கள். வாசகர்கள் சண்டை போட்டார்கள். திரும்பவும் சேர்த்தார்கள்.

களஞ்சியங்களின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. பிராக்ஹவுஸ் 2005–06-இல் 30 தொகுதியோடு வந்து அத்தோடு அச்சை முடித்தது. பிரிட்டானிக்கா 1990-இல் அமெரிக்காவில் மட்டும் 1,20,000 தொகுப்பு விற்றது. 2012 மார்ச்சில், 244 ஆண்டுக்குப் பிறகு, இனி அச்சில்லை என்று அறிவித்தது. விக்கிப்பீடியாதான் கொன்றது என்று சொல்வது வழக்கம். காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 1993-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு, பிறகு கணினிகளோடு ஏறக்குறைய இலவசமாகவே வந்த என்கார்ட்டா களஞ்சியக் குறுந்தகட்டிலேயே பிரிட்டானிக்காவின் விற்பனை விழத் தொடங்கிவிட்டது. விக்கிப்பீடியா 2001-இல்தான் பிறக்கிறது. என்கார்ட்டாவை 2009-இல் மூடினார்கள். அடித்தவரும் போய்விட்டார்.

அகராதிகள் அப்படி விழவில்லை. களஞ்சியக் கட்டுரைக்கு வயது ஏறிவிடும். 1850-இல் ஒரு சொல்லை யார் எப்படி எழுதினார் என்ற மேற்கோளுக்கு ஏறாது. ஆக்ஸ்ஃபோர்டு 1989-இல் 20 தொகுதியாக இரண்டாம் பதிப்பைப் போட்டது. 2000 முதல் மூன்றாம் பதிப்பு இணையத்தில் துண்டு துண்டாக வருகிறது. ‘ஓடு’ என்பதற்கான ஆங்கில வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். முழுவதும் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். கிரிம் அகராதியை ட்ரீயர் பல்கலைக்கழகக் குழு எண்மயமாக்கியது. முழுவதையும் சீனாவில் இரண்டு முறை தட்டச்சு செய்யச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பார்த்தார்கள். அதை யாரும் இலவசமாகத் திறக்கலாம். ஊரார் காசு வாங்காமல் எழுதித்தந்த சீட்டுகளால் கட்டிய அகராதிக்குக் கட்டணம், வேலையிழந்த இரண்டு பேராசிரியர்களின் பிழைப்புக்காகத் தொடங்கியதற்குக் கட்டணமில்லை. அச்சகம் நடத்துகிறவர்கள் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்பார்கள், நியாயம்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

1961-இல் கிரிம் முடிந்தபோது அதன் முதல் தொகுதிகளுக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. யாக்கோப் எழுதியவையே மிகப் பழையவை, ஆதாரமும் அவற்றில்தான் குறைவு. ஆகவே ஏ முதல் எஃப் வரை திரும்ப எழுத முடிவு செய்து, முன்போலவே பெர்லினும் கோட்டிங்கனும் பிரித்துக்கொண்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2016-ஐ ஒட்டி அந்தப் பணி முடிந்தது. ஜி தொட்டு மேலே திருத்தப் போவதில்லை, இனி வருவதெல்லாம் மின் அகராதியில் என்று சொல்லிவிட்டார்கள். ‘ஃப்ருக்ட்’ என்ற சொல்லுக்குப் புதுக் குறிப்பு இருக்கிறது. அதைத் தாண்டிச் சில பத்திகள் போய், அதே எழுத்தில் புத்தகம் நிற்கிறது.